வேலை போன பேஸிஸ்ட்

1975 மே மாதம். அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குள் நுழையும் விண்ட்சர் எல்லைச் சாவடியில் ஹாக்விண்ட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் பேஸிஸ்ட் பிடிபட்டார். அவரிடம் இருந்தது ஆம்ஃபெடமின். போலீஸ்காரர்கள் கொக்கெய்ன் என்று எழுதிவிட்டார்கள். சரக்கு ஒன்று, குற்றச்சாட்டு வேறொன்று என்பதால் வழக்கு நிற்கவில்லை, ஆளை விட்டுவிட்டார்கள். டொரன்டோவுக்குப் போய்ச் சேர்ந்து கச்சேரியையும் வாசித்து முடித்தார். விடிவதற்குள் குழுவினர் கூடிப் பேசி அவரைக் கழற்றிவிட்டார்கள். குழுவில் போதை பழகாதவர்கள் அதிகமில்லை. தன்னுடைய போதை அவர்களுடையதைவிட வேறு ரகம் என்பதுதான் தகராறு என்று பின்னாளில் அவர் நக்கலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இயன் கில்மிஸ்டர் என்பது அவர் பெயர். லெம்மி என்றால்தான் தெரியும். ஊர் திரும்பிய கையோடு ஒரு புதுக் குழு தொடங்கினார். முதலில் வைக்க நினைத்த பெயர் ஒரு கெட்டவார்த்தை. அந்தப் பெயரோடு எந்தத் தொலைக்காட்சியும் உள்ளே விடாது என்று மேனேஜர் தடுக்க, ஹாக்விண்டுக்காகத் தான் கடைசியாக எழுதிய பாட்டின் தலைப்பையே குழுவுக்கு வைத்தார். மோட்டர்ஹெட்.

ஹார்ட் ராக் கேட்பவர்களுக்கு இதெல்லாம் பழங்கதை. எனக்கு மனம் போய் நிற்கிற இடம் வேறு. அவர் பேஸிஸ்டாக ஆனதே தற்செயல். 1971இல் ஹாக்விண்டில் கிதார் வாசிக்கலாம் என்றுதான் போனார். அன்று பேஸிஸ்ட் வரவில்லை; அவருடைய வாத்தியம் மட்டும் வந்திருந்தது. அதற்கு முன் பேஸைத் தொட்டதே இல்லை என்பது லெம்மி சொன்ன கதை. கிதார் பழகிய விரல்களோடு அதை எடுத்ததால், ஒவ்வொரு ஸ்வரமாகக் கால் வைத்து நடக்கவேண்டிய வாத்தியத்தில் இரண்டு மூன்று தந்திகளைச் சேர்த்து அடித்தார். ரிக்கன்பேக்கர் பேஸ், மார்ஷல் ஆம்ப். ஆம்பில் அடிநாதத்துக்கான குமிழையும் உச்சநாதத்துக்கான குமிழையும் அணைத்துவிட்டு, நடுவில் இருப்பதை முழுக்கத் திருகிவைப்பார். பேஸ் என்றாலே அடியில் கிடப்பது என்ற வழக்கத்துக்கு இது நேர் எதிர். உறுமியின் ஒரு கண்ணை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழுகிற அந்த இழுவையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு லெம்மியின் சத்தம் அந்நியமாக இருக்காது.

லெம்மி அறுபதுகளில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் குழுவுக்குச் சாமான் தூக்கும் வேலை பார்த்தவர். அந்தக் குழுவின் பேஸிஸ்ட் நோயல் ரெட்டிங்கும் அடிப்படையில் கிதார்க்காரர்தான். ஹென்ட்ரிக்ஸ் இருக்கிற இடத்தில் இன்னொரு கிதாருக்கு ஏது வேலை? ரெட்டிங் 1968இல் ஃபேட் மேட்ரஸ் என்று சொந்தக் குழு தொடங்கியபோது செய்த முதல் காரியம், பேஸைக் கீழே வைத்துவிட்டுக் கிதாரை எடுத்துக்கொண்டதுதான். அடுத்த ஆண்டு முதல் ஆல்பம் வந்தது. இன்று அதைத் தேடிக் கேட்பவர்கள் சேகரிப்பாளர்கள் மட்டும். தனிக்குடித்தனம் போனதும் பேஸிஸ்டுகளுக்கு வருகிற சபலம் இது. கீழே நின்றது போதும், மேலே ஏறிவிடலாம். லெம்மி ஏறவில்லை. பேஸைக் கையில் வைத்துக்கொண்டே மைக்கை மட்டும் தலைக்கு மேலே உயர்த்திக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து பாடினார்.

முதல் ஆல்பம் அவருக்குச் சுலபத்தில் கிடைக்கவில்லை. 1975-76இல் பதிவு செய்த ஆல்பத்தை யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் பிடிக்காமல் மூட்டைகட்டி வைத்தது. (லெம்மிக்குப் பெயர் வந்தபிறகு, 1979இல், அதே நிறுவனம் அதைத் தூசி தட்டி விற்றது.) அதற்குள் கிதாருக்கு எடி கிளார்க்கும் டிரம்ஸுக்கு ஃபில் டெய்லரும் வந்திருந்தார்கள். 1977 ஏப்ரலில் குழுவைக் கலைத்துவிடுவது என்றே முடிவு. லண்டன் மார்க்கீ கிளப்பில் கடைசிக் கச்சேரி. அதையாவது ஒரு நினைவுக்காகப் பதிவு செய்து தாருங்கள் என்று சிஸ்விக் ரெக்கார்ட்ஸின் டெட் கேரலிடம் கேட்டார்கள். கச்சேரியைப் பதிவு செய்ய வழியில்லாமல் போக, கென்ட்டில் எஸ்கேப் என்ற ஸ்டுடியோவில் இரண்டு நாள் தருகிறேன், ஒரு சிங்கிள் போட்டுக்கொள்ளுங்கள் என்றார் அவர். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால் 11 பாட்டுகள் அரைகுறையாகக் கிடக்கின்றன. கேட்டுவிட்டு மேலும் சில நாள்களுக்குக் காசு கொடுத்தார். மொத்தம் 13 பாட்டு. அதில் எட்டு ஆல்பத்துக்குப் போயிற்று. 1977 ஆகஸ்டில் வெளியாகி இங்கிலாந்துப் பட்டியலில் 43ஆம் இடம். பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் கலைக்க நினைத்த குழு 2015 டிசம்பர் 28 வரை, லெம்மி சாகும்வரை, நீடித்தது.

அந்த ஆல்பத்தை இப்போது கேட்டாலும் அவசரம் தெரிகிறது. மிக்ஸிங் சேறு மாதிரி. ஆனால் எதுவும் இன்னொன்றின் மீது ஏறி உட்காரவில்லை. பேஸும் கிதாரும் டிரம்ஸும் ஒரே பலகையில் தோளுரசி உட்கார்ந்திருக்கின்றன. கிதார்க்காரர் தலைவராக உள்ள குழுவில் இது பெரும்பாலும் நடக்காது. அங்கே தனி ஆவர்த்தனத்துக்கு இடம் விட்டுத்தான் பாட்டே கட்டப்படும். பேஸிஸ்ட் பாட்டுக் கட்டும்போது ஓட்டத்தைத் தீர்மானித்துவிட்டு அதற்கு மேல் மற்றதை ஏற்றுகிறார். அயர்ன் மெய்டன் கேட்டவர்களுக்கு இந்த ஓட்டம் தெரியும். குதிரைக் குளம்படி போல என்று எல்லோரும் எழுதி எழுதித் தேய்ந்துபோன ஒப்புமை அது. அந்தக் குழுவைத் தொடங்கிய ஸ்டீவ் ஹாரிஸும் பேஸிஸ்ட். முன்பிருந்த ஸ்மைலர் என்ற குழுவில் அவர் எழுதிய பாட்டுகளில் தாளம் அடிக்கடி மாறுகிறது என்று மற்றவர்கள் தயங்கினார்கள். வெளியேறி, 1975 கிறிஸ்துமஸ் அன்று புதுக்குழு தொடங்கினார். முதல் ஆல்பம் 1980 ஏப்ரலில். பின்னும் 32 ஆண்டுகள் கழித்து, உலகம் முழுக்கப் பேர் பெற்ற பிறகு, பிரிட்டிஷ் லயன் என்று இன்னொரு குழுவையும் அதன் முதல் ஆல்பத்தையும் கொண்டுவந்தார். மெய்டனில் சேராத நேரடியான ஹார்ட் ராக். கேட்டேன், மனசில் ஒட்டவில்லை. யாரும் அவரை மறுக்காத காலத்தில் செய்த ஆல்பம் என்பதுதான் காரணமோ என்று அப்போது தோன்றியது.

அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சென்னைக்கு வந்தால் ஒரு சங்கடம் வருகிறது.

பேஸ் கிதாரைக் காதால் பின்தொடரத் தமிழர்களைப் போலப் பழகியவர்கள் இந்தியாவில் அதிகம் இருக்கமாட்டார்கள். இதற்கு ராக் கேட்டிருக்க வேண்டியதில்லை. இளையராஜா போதும். 1980இல் வந்த மூடுபனி அவருடைய நூறாவது படம். அதில் ஜேசுதாஸ் பாடிய கிதார்ப் பாட்டை ஒருமுறை பாடகரை விட்டுவிட்டுக் கீழே ஓடுவதை மட்டும் கேளுங்கள். பேஸ் அங்கே பல்லவிக்குத் துணையாகப் போகவில்லை. தனக்கென்று ஒரு மெட்டைப் பேசிக்கொண்டு போகிறது. எண்பதுகள் முழுக்க அந்தத் தந்திகள் பெரும்பாலும் சசிதரனின் விரல்களில் இருந்தன. ஆனால் அந்த மெட்டு அவருடையதல்ல. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரியதைத் தாளில் ஸ்வரக்குறிப்பாக எழுதித் தருகிறவர் ராஜா. அவரே கிதார்க்காரராக இருந்து இசையமைப்பாளர் ஆனவர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, ஜி.கே. வெங்கடேஷிடமும் சலில் சௌத்ரியிடமும் வாசித்த கை. ஆக, இந்த ஊரில் பேஸில் யோசித்தவர் இசையமைப்பாளர். பேஸ் வாசித்தவர் வாசித்தார். நியாயமாக ஒரு பேஸிஸ்டின் முதல் ஆல்பத்தில் வந்திருக்க வேண்டியவை படப்பாட்டுகளின் அடித்தளத்தில் வந்து சேர்ந்துவிட்டன.

இதில் இன்னொரு வேடிக்கை, நாம் அந்தப் பேஸை உண்மையில் கேட்டோமா என்பது. பேஸ் கிதாரின் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் விநாடிக்கு 41 அதிர்வு. கையடக்க டிரான்சிஸ்டரோ, டீக்கடை ஸ்பீக்கரோ, இன்றைய கைபேசியோ அதை எழுப்பவே முடியாது. அவற்றிலிருந்து வருவது அந்த ஸ்வரத்தின் மேலடுக்கு அதிர்வுகள் மட்டும். அவற்றின் இடைவெளியைக் கொண்டு, இல்லாத அடிநாதத்தை மூளை தானே கட்டிக்கொள்கிறது. ஒலியியலில் நிறுவப்பட்ட விஷயம் இது. நம்மில் ஒரு தலைமுறை பேஸைக் காதால் கேட்டதைவிட ஊகித்ததுதான் அதிகம். மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பூச்சு சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பின்வரிசையில் இருந்தே சொல்லிவிடுகிற ரசிகர்களின் ஊர். அடிநாதம் குறைந்தால் இங்கே காது சும்மா இருக்காது.

காது இருந்தது. கையும் இருந்தது. பெரம்பூர், பரங்கிமலைப் பக்கத்து ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களிலிருந்தும் தேவாலயப் பாடகர் குழுக்களிலிருந்தும் வந்த பேஸிஸ்டுகளுக்குக் குறைவில்லை. தொண்ணூறுகளில் ரஹ்மானின் கேசட் அட்டைகளில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் அச்சாகத் தொடங்கியபோது கீத் பீட்டர்ஸ் என்ற பெயரைப் படித்து, அடேடே, இந்தச் சத்தத்துக்கு ஒரு ஆள் இருக்கிறார் என்று ஆச்சரியப்பட்டவர்களில் நானும் ஒருவன். ரஹ்மானே திரைக்கு வருமுன் ரூட்ஸ், நெமசிஸ் அவென்யூ என்று ராக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர். ராக் இந்த ஊருக்குப் புதிதல்ல. ஐஐடியின் மார்டி கிராவில் எழுபதுகளிலிருந்தே ராக் இரவுகள் உண்டு. அதுதான் பின்னால் சாரங் ஆயிற்று. 2009இல் ஸ்வீடனின் ஓபெத் குழு அங்கே வந்து வாசித்தது. மெய்டன் 2007இல் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது சென்னையிலிருந்து ரயிலேறிப் போனவர்கள் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அலகாபாத்திலிருந்து 1993இல் தொடங்கிய ராக் ஸ்ட்ரீட் ஜர்னலை இங்கே கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். ஜங்க்யார்ட் குரூவ் போன்ற சென்னைக் குழுக்கள் சொந்தப் பாட்டுகளோடு நாடு சுற்றின. முன்னால் நின்றவர்கள் பாடகர்களும் கிதார்க்காரர்களும்.

பேஸிஸ்ட் ஏன் முன்னால் வரவில்லை? கூச்ச சுபாவம், பின்னால் நிற்கிற மனசு என்றெல்லாம் சொல்வார்கள். நான் அதை நம்பவில்லை. காரணம் கோடம்பாக்கம். லெம்மியைக் கழற்றிவிட ஒரு குழு இருந்தது. ஹாரிஸின் பாட்டை வேண்டாம் என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். கோடம்பாக்கம் நல்ல பேஸிஸ்டை வேண்டாம் என்று சொல்லியதே இல்லை. காலையில் ஒரு கால்ஷீட், மதியம் ஒன்று. தாம்பரம்–கடற்கரை மின்ரயிலில் தோளில் கிதார்ப் பையோடு ஏறி இறங்கினால் வீட்டு வாடகை, பிள்ளைகள் படிப்பு, தங்கை கல்யாணம். எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துப் பிசகாமல் வாசிப்பது ஒரு பெரிய வித்தை. அந்த வித்தைக்குச் சம்பளமும் மரியாதையும் இருந்தன. அப்படி வாழ்ந்த மனிதரிடம் போய் உங்கள் ஆல்பம் எங்கே என்று கேட்பது அராஜகம். அதனால்தான் கேட்கக் கூச்சமாக இருக்கிறது; ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

கோடம்பாக்கத்தை விட்டுப் புறநகர்ச் செம்பாக்கத்துக்கு வந்தால் இன்னொரு காரணமும் கண்ணில் படுகிறது. இது தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற சாலையில் ராஜகீழ்ப்பாக்கத்தை அடுத்த ஊர்; 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. மனைக்கு மனை வீடு எழும்பி, வீட்டுக்கு வீடு போர்ஷன் பிரிந்து, ஒருவர் வீட்டுச் சுவர் இன்னொருவருக்கும் சுவர். தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் வட்டமடிக்கும்போது யாரும் புகார் சொல்வதில்லை. மாடி போர்ஷனில் ஒரு பையன் பேஸ் கிதாரை ஆம்பில் செருகினால் கீழ்வீட்டு மாமி பத்து நிமிடத்தில் படியேறி வந்துவிடுவார். “என்னப்பா, பாத்திரமெல்லாம் ஆடுது!” அவர் சொல்வதில் தவறில்லை. 41 அதிர்வுள்ள ஒலியின் அலை நீளம் சுமார் 27 அடி. பத்தடி அறைக்குள் அது அடங்காது. சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுச் சமையலறையில் போய் விழும். கிதாரை மின்சாரம் இல்லாமலும் ஓரளவு பழகிவிடலாம். பேஸை ஆம்ப் இல்லாமல் மீட்டினால் கொசு ரீங்காரம் அளவுக்குக்கூடத் தேறாது. அதற்குப் பையன்கள் கண்டுபிடித்திருக்கிற வழி, கிதாரின் தலைப்பகுதியை மர பீரோவில் சாய்த்துவைத்து வாசிப்பது. பீரோ ஆம்ப் ஆகிவிடும். மரத்தில் காதை ஒட்டினால் தெளிவாகவே கேட்கும். ஹெட்ஃபோனும் இப்போது வந்துவிட்டது. ஆனால் உடம்பில் மோதாத பேஸ் வெறும் தகவல்தான்.

ஊரில் பேஸை முழு ஒலியில் வாசிக்க முடிகிற இடம் ஒன்று உண்டு. சபை. கேம்ப் ரோட்டிலிருந்து மேடவாக்கம் வரை, ஞாயிறு காலை ஆராதனைக்கு டிரம்ஸும் கீபோர்டும் பேஸும் வைத்திருக்கிற சபைகள் பல. வாத்தியம் சபையுடையது, ஆம்பும் சபையுடையது. மதம் எதுவானாலும், இந்தப் பக்கத்தில் பேஸ் கற்றுக்கொண்ட பையன்களை விசாரித்தால் அநேகமாகப் பேச்சு அங்கேதான் போய் முடியும். ஆராதனைக்கு வாசிப்பது நல்ல பயிற்சி. எட்டு நிமிடம் நான்கே ஸ்வரக்கூட்டுகளில் கூட்டத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும். மேதாவித்தனம் காட்டினால் போதகர் திரும்பிப் பார்ப்பார். அடுத்த படி கல்லூரி. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் டீப்வுட்ஸ் போன்ற விழாக்களில் குழுப் போட்டி இருக்கும். பிறர் பாட்டைப் பிசகில்லாமல் வாசித்தால் பரிசு. ஒரு குழுவின் ஆயுள் மூன்று வருடம். நான்காம் வருடம் டிரம்மர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் போய்விடுவார். பேஸிஸ்ட் திருமண வரவேற்பு மேடைகளுக்கு. அங்கும் கீபோர்டுக்காரரின் இடது கையே பேஸையும் பார்த்துக்கொள்வதால், அவர் எப்போதாவதுதான் தேவைப்படுவார்.

ஆல்பம் என்பது இதற்கெல்லாம் நடுவில் யாராவது பிடிவாதமாக ஆறேழு வருடம் நின்றால்தான் வரும். அப்படி நின்ற ஒரு தமிழ் பேஸிஸ்டை எனக்குத் தெரியும். அவர் இருந்தது சிங்கப்பூரில்.

பெயர் கதிர். குரல், பேஸ் இரண்டும் அவரே. 1992இல் தொடங்கிய ருத்ரா குழுவில் அவரோடு டிரம்ஸில் சிவா. வாத்தியக்காரர்கள் வந்தார்கள், போனார்கள்; இடையில் குழு உடைந்து மறுபடி கூடியது. ருத்ரா என்ற பெயரிலேயே முதல் ஆல்பம் வெளியானது 1998இல். ஆறு வருடம் அதற்குச் சின்னக் காலம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்நாள்களில் அங்கே பையன்களெல்லாம் இரண்டு, இரண்டரை வருடம் கட்டாய ராணுவச் சேவைக்குப் போகவேண்டியிருந்தது. நம் ஊர்க் குழுக்களைக் கல்லூரி இறுதியாண்டு கலைப்பதுபோல அங்குள்ள குழுக்களை அது கலைக்கும். அடுக்ககங்களில் சுவர் பொதுச்சுவர். மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஜாமிங் ஸ்டுடியோவில் பழக வேண்டும். மெட்டல் கச்சேரி என்றால் அதிகாரிகளின் புருவம் உயர்கிற நாடு வேறு.

இருந்தும் வந்தது. ஏனென்றால் சிங்கப்பூரில் கோடம்பாக்கம் இல்லை. நன்றாக பேஸ் வாசிக்கிற ஒரு தமிழ்ப் பையனுக்கு அங்கே நாள் முழுக்கக் கால்ஷீட் காத்திருக்கவில்லை. சீன, மலாய் நண்பர்களின் மெட்டல் குழுக்களைக் கேட்கலாம். சென்னையிலிருந்து வருகிற படப்பாட்டைக் கேட்கலாம். இரண்டிலும் தனக்கு வேலை இல்லை. மூன்றாவது ஒன்றைக் கட்டுவதைத் தவிர வழி இராது.

ருத்ராவின் இசை ஹார்ட் ராக் என்ற எல்லைக்குள் நிற்காது. டெத் மெட்டல், த்ராஷ் என்று இன்னும் கறுத்த பக்கம். குரல் அடிவயிற்று உறுமல். தங்கள் வகைக்கு வேத மெட்டல் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். வட ஐரோப்பியப் புராணங்களைக் கொண்டு அங்குள்ள குழுக்கள் மெட்டல் செய்தால், நாங்கள் உபநிஷத்தைக் கொண்டு செய்யக்கூடாதா என்ற கேள்வி அதில் இருக்கிறது. முதல் ஆல்பம் அந்தக் கேள்வியின் கரட்டு வடிவம். அது பக்குவப்பட 2005, 2009, 2011இல் வந்த பிரம்மவித்யா வரிசையின் மூன்று ஆல்பங்கள் தேவைப்பட்டன. சிங்கப்பூரின் இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன் இவர்களை வைத்து, அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளம் குறித்து ஆய்வுக்கட்டுரையே எழுதினார். அந்தச் சமூகத்திலும் முகச்சுளிப்பு இல்லாமல் இராது. மந்திரத்தை உறுமலாகக் கேட்டால் எந்த வீட்டுப் பெரியவருக்கும் ஒரு கணம் தூக்கிவாரிப் போடும்.

முதலில் கேட்டபோது நான் பேஸைத் தேடினேன். தலைவர் பேஸிஸ்டாயிற்றே, எங்காவது தனியாக ஒரு ஓட்டம் காட்டுவார் என்று. பெரும்பாலும் இல்லை. கிதார்களின் அடர்த்திக்குள் பேஸ் கரைந்து கிடக்கிறது. ஆனால் உறுமுகிற குரல் எந்த இடத்தில் அழுத்துகிறது, எங்கே மூச்சு விடுகிறது என்று கவனித்தால், பேஸ் வாசிக்கிற கைதான் பாடுகிறது என்பது பிடிபடும். குரல் மெட்டைத் தேடவில்லை. டிரம்ஸின் காலடியைப் பார்த்து நடக்கிறது. ரெட்டிங் பேஸைக் கீழே வைத்தார், லெம்மி பேஸைக் கிதாராக்கினார். இவர் குரலையே இன்னொரு பேஸாக ஆக்கிக்கொண்டுவிட்டார்.

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. சமஸ்கிருதமும் ஆங்கிலமும் நிறைந்த இடத்தில் தமிழ் ஏன் இவ்வளவு ஒதுங்கி நிற்கிறது? அத்வைதம் அவருடைய தேடல், அதன் மொழியில் பாடுகிறார். அது அவர் உரிமை. ஆனாலும் சித்தர் பாடல்களின் சந்தம் எட்டிய தூரத்தில் இருந்தது. சிவவாக்கியரின் துள்ளல் இரட்டை மிதி டிரம்ஸுக்கென்றே எழுதியதுபோல இருக்கும். கோயிலையும் சடங்கையும் சாதியையும் அவர் அடிக்கிற அடிக்கு மெட்டல்காரர்களே கொஞ்சம் ஒதுங்கி நிற்க வேண்டும். யாராவது செய்யவேண்டிய ஆல்பம் அது.

தமிழில் அடித்தட்டு ஒலியை முன்னால் கொண்டுவந்து நிறுத்திய காரியம் சென்னையிலேயே வேறு வழியில் நடந்தது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடை ஏறியபோது, பறையும் கட்டமோளமும் சட்டியும் மின்கிதாரோடு சேர்ந்து ஒலித்தன. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் முன்னெடுக்க, தென்மா இசையை ஒருங்கிணைத்த குழு அது. சாவு வீட்டோடு சேர்த்து ஒதுக்கிவைத்திருந்த சத்தத்தை மேடையின் நடுவில் வைத்தார்கள். அதையும் பேஸிஸ்டின் ஆல்பத்தையும் ஒன்றாகக் கட்டமாட்டேன். ஒன்று சமூகத்தின் கணக்கு, மற்றது ஒரு வாத்தியக்காரனின் கணக்கு. இரண்டிலும் கீழே இருந்ததை மேலே கேட்கவைக்கும் வேலை இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது கோடம்பாக்கத்திலும் நிலைமை மாறிவிட்டது. ஐம்பது பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே டேக்கில் வாசித்த காலம் எப்போதோ போயிற்று. இசையமைப்பாளரின் வீட்டு அறையில் கணினி இருக்கிறது. அதற்குள் பேஸ் கிதாரின் ஒவ்வொரு ஸ்வரமும் பதிந்த மென்பொருள் இருக்கிறது. விரலால் மீட்டியது, பிக்கால் அடித்தது, தந்தி உரசியது என்று வகை வகையாகக் கிடைக்கும். நிஜ ஆள் வேண்டுமென்றால் கோப்பை அனுப்பிவிடுகிறார்கள்; வீட்டிலேயே வாசித்துத் திருப்பி அனுப்பலாம், மின்ரயில் ஏறவேண்டியதில்லை. வேலை இருக்கிறது, குறைந்துவிட்டது. இருப்பதும் ஒரு சிலரிடம் போய்ச் சேர்கிறது. சினிமா வாத்தியக்காரர்கள் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால் வாழ்க்கை ஓடிவிடும் என்று இன்று யாரும் தன் பையனிடம் சொல்லமாட்டார்கள்.

ஒருவரின் வேலை போவதில் இலக்கியச் சுகம் காண எனக்கு விருப்பமில்லை. ஆனால் நான் இதுவரை சொன்ன கணக்கு சரியென்றால், சென்னையின் பேஸிஸ்டுகள் முதன்முறையாக லெம்மி நின்ற இடத்துக்கு வந்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்துச் சபைகளில் வாசிக்கிற இருபது வயதுப் பையன்கள் சினிமாவைப் பற்றிப் பேசுவதே குறைந்திருக்கிறது. பேச்செல்லாம் டிரம்ஸை எங்கே பதிவு செய்யலாம், யார் மிக்ஸ் செய்வார், பாட்டு எந்த மொழியில் என்பதைப் பற்றி. கடைசிக் கேள்வியில்தான் சண்டை. பாடகர் ஆங்கிலம் என்கிறார். கிதார்க்காரருக்கு எதுவானாலும் சரி. பேஸிஸ்ட் தமிழ்தான் என்று அடம்பிடிக்கிறான். எழுதுவதும் அவன்தான்.